காவலர் பள்ளி வகுப்பை நடத்துவது எப்படி

பிரேயரில் ஐந்நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, மைக்கில் அரைமணி நேரம் பேசிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் ஒரு பிள்ளைகூட உங்களிடம் வாய் திறக்காது. வகுப்பறைக்குள் போங்கள். ஒரு பீரியடுக்கு ஒரு வகுப்பு, 50 பேருக்கு மேல் வேண்டாம். கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படையில் பள்ளிக்கு 44 பேர்; சென்னையில் 2022-ல் பள்ளி மாணவர்களுக்காகக் காவல்துறை தொடங்கிய 'சிற்பி' திட்டத்தில் பள்ளிக்கு 50 பேர். முகம் பார்த்துப் பேச அதுதான் எல்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 107-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. (உதவி சார்பு ஆய்வாளர்) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். அவரே போகட்டும், கூடவே ஒரு பெண் காவலரும். மாதம் ஒரு முறை, அதே இருவர். ஒவ்வொரு முறையும் புது முகம் வந்தால் பிள்ளைகள் முதல் நாள் நிலையிலேயே நின்றுவிடுவார்கள்.

ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகள் பொருத்தமானவை. பி.டி. பீரியடை மட்டும் வாங்காதீர்கள். விளையாட்டைப் பறித்த கோபத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதையும் காதில் வாங்காது. சீருடையில் போகலாம். லத்தியையும் துப்பாக்கியையும் நிலையத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு விஷயம் போதும். சாலை என்றால் வண்டி ஓட்டுவதைப் பற்றி நேராகப் பேசுங்கள்: 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம், ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "அப்பா ஜெயிலுக்குப் போவார்" என்று மிரட்டுவதைவிட அந்த 25 வயதுக் கணக்கு நன்றாகவே மனதில் நிற்கும். செல்போன் என்றால், படத்தை வைத்து யாராவது மிரட்டினால் மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், பணம் அனுப்பக் கூடாது, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் கரும்பலகையில் எழுதி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம்தான் உயிர்நாடி. ஏ4 தாளை நான்காகக் கிழித்து எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டு கொடுங்கள். கேள்வி இருப்பவர்கள் கேள்வியை எழுதட்டும். இல்லாதவர்கள் நீங்கள் கரும்பலகையில் எழுதிவைக்கும் ஏதாவது இரண்டு வரிகளைப் பார்த்து எழுதட்டும். எல்லாப் பேனாவும் ஓடினால்தான் எந்தப் பேனா எதை எழுதியது என்று பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரியாது. அந்த நேரம் ஆசிரியர் வெளியே நிற்கட்டும். தாள்களை வகுப்புத் தலைவன் வாங்கக் கூடாது, நீங்களே வாங்குங்கள். அங்கே பிரித்துப் படிக்காதீர்கள். பெயர் கட்டாயமில்லை, ஆனால் உதவி வேண்டுமென்றால் பெயர் எழுதச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாது. "தேவைப்படுகிறவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே உண்மை.

ஒரு தாளில் பாலியல் தொந்தரவு தெரிந்தால், அதிகம் கெட்டுப்போவது அடுத்த ஒரு மணி நேரத்தில்தான். பெயர் சொல்லி வகுப்பிலிருந்து அழைத்தால் மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை நம்பும் ஆசிரியை மூலமாக, வழக்கமான ஏதோ வேலைக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஒரே கதையை நான்கு பேரிடம் சொல்ல வைப்பது கொடுமை, வழக்கும் அதனால் பலவீனமாகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று நிர்வாகம் தயங்கினால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்: தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை.

"கஞ்சா யார் விற்கிறார்கள்?" என்று வகுப்பில் ஒருபோதும் கேட்காதீர்கள். கை தூக்கிய பிள்ளை சாயங்காலம் அடி வாங்கும். தாளில் ஒரு கடையின் பெயர் வந்தால், மறுநாளே அங்கே போய் நிற்காமல் வேறு காவலரை வைத்துத் தனியாகக் கண்காணித்து நடவடிக்கை எடுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது என்பதால் வழக்கமான சோதனையாகவே அதைச் செய்யலாம்.

மாணவர் சண்டையைத் தீர்க்க உங்களைக் கூப்பிடுவார்கள், "ரவுடிப் பசங்க" பட்டியலும் நீட்டுவார்கள். பட்டியலை வாங்காதீர்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாதவரை சிறார்மீது எஃப்.ஐ.ஆர். இல்லை, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவும் சமூகப் பின்னணி அறிக்கையும்தான். நிலையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம்.

கிளம்பும் முன் அடுத்த மாதத் தேதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். பந்தோபஸ்து வந்து போக முடியாமல் போனால், அன்று காலையே தலைமையாசிரியருக்குப் போன் செய்து மாற்றுத் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள்.