ரொறன்ரோவில் விழா வைக்கிறீர்களா? நில ஒப்புகையைச் சரியாகச் சொல்ல

மங்கல விளக்கேற்றி, கனடிய கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடியபின் நில ஒப்புகை, அதாவது நாம் நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்பதை ஏற்றுச் சொல்லும் சிற்றுரை, வாசிப்பது இங்குள்ள பல தமிழ் விழாக்களில் வழக்கம். ஒருநாள் அந்தத் தாள் உங்கள் கைக்கும் வரும்.

வாசிக்கமுன் நிலத்தின் கதையை அறிந்துகொள்ளுங்கள். 1787இல் இங்குள்ள பூர்வகுடிகளான மிசிசாகா மக்களிடம் பிரித்தானிய அரசு வாங்கியதாகச் சொன்ன காணி உறுதியில் எல்லைகளே எழுதப்படவில்லை. வெறும் தாள். 1805இல் 10 சிலிங் கொடுத்து அதையே உறுதிப்படுத்தினார்கள்; அதுதான் 13ஆம் இலக்க உடன்படிக்கை. அந்த அநீதிக்கு 2010இல்தான் 145 மில்லியன் டொலர் இழப்பீடு கிடைத்தது. 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளோ ஏழு முதற்குடிகளின் (பூர்வகுடிச் சமூகங்களின்) வேட்டை, மீன்பிடி உரிமைகளை முடக்கின. அரசு மன்னிப்புக் கேட்க 2018 ஆயிற்று. ரொறன்ரோ மாநகரசபையின் ஒப்புகை இந்த இரு உடன்படிக்கைகளையும் சொல்கிறது. நீங்களும் இரண்டையும் சொல்லுங்கள். இது நமக்கு வெளியே உள்ள விடயமல்ல: 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியிலேயே முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இனுயிட், பூர்வகுடி–ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெற்றி ஆகிய மக்களின் உடன்படிக்கை உரிமைகள் இருக்கின்றன.

தமிழில் எழுதும்போது சறுக்கும் இடங்கள் சில. பாடப்புத்தகத்தில் படித்த ‘செவ்விந்தியர்’ வேண்டவே வேண்டாம். ‘இங்கு வாழ்ந்த’ என்று எழுதாதீர்கள், ‘வாழ்ந்துவரும்’ என்று எழுதுங்கள். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘கிரெடிட் மிசிசாகா மக்கள்’ என்ற பெயரில் வரும் ‘கிரெடிட்’ ஓர் ஆற்றின் பெயர், அதை மொழிபெயர்க்கக் கூடாது. அனிஷினாபே, ஹோடினோஷோனி, வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் பெயர்களை முதல்நாளே நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் சொந்த இழப்பைப் பற்றிப் பேச விரும்பினால் ஒரு வசனம் போதும். அந்த நேரம் அவர்களுக்குரியது.

‘வரவேற்கிறோம்’ என்று சொல்லும் உரிமை அந்த மண்ணின் மக்களுக்கே. அதற்கு அவர்களின் மூத்தவர் ஒருவரை அழைப்பதானால் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல, அனிஷினாபே மரபில் துணியில் முடிந்த சிறிதளவு புகையிலையைக் கொடுத்துக் கேட்பார்கள். கேட்கும்போதே கொடுக்கவேண்டும், நிகழ்ச்சி முடிந்தபின் அல்ல. வாங்கிக்கொண்டால் சம்மதம். இனுயிட் மக்களுக்கு இந்த வழக்கம் இல்லை. ஆகவே யாரை அழைக்கிறீர்களோ அவர்களின் முறையைக் கேட்டறியுங்கள். சன்மானத்தை அன்றே உறையிலிட்டுக் கையில் கொடுங்கள், போக்குவரத்தும் உங்கள் பொறுப்பே.