ஒரு முற்றம், ரெண்டு நாய், சுவரெல்லாம் உண்ணி

எங்கள் வீடு பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரெண்டு ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்க்கிற ஒரு புழு மனை, ரெண்டு கறவை மாடு, எலிக்காக ஒரு பூனை, காவலுக்கு மணி என்கிற நாட்டு நாய். போன தை மாதம் என் கொழுந்தனார் ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சொந்த வீடு கட்டி முடியும்வரை எங்களோடு இருக்க வந்தார். கூடவே என் ஓரகத்தி, ஏழு வயதுப் பையன், ப்ரூனோ என்ற அவர்களுடைய லேப்ரடார். ஆவணி வரை ஒரே கூரைக்குள் இருந்தோம். அந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டதை, சொந்தக்காரர்கள் நாயோடு வந்து தங்கப்போகிற வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதல் நாளே தப்பு நடந்தது. மணி திண்ணையில் சங்கிலியில் கிடந்தான். ப்ரூனோ வேனிலிருந்து குதித்து நேராக அவனிடம் ஓடினான். கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழியில்லை, அதனால் கடிக்கத்தான் செய்யும். பிரித்துவிடக் கையை நடுவில் விட்ட கொழுந்தனாருக்கு உள்ளங்கையில் ரெண்டு பல் இறங்கிவிட்டது. "ஊசி போட்ட நாய்தானே, மஞ்சள் வெச்சா போதும்" என்றார்கள் சிலர். நான் விடவில்லை. குழாயடியில் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவவைத்து, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கடி யாருடைய நாயிடம் பட்டாலும் இதுதான் முறை. காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிகளை ஒரு தேதிகூட விடாமல் போட்டு முடிக்க வேண்டும்.

நாய்கள் கட்டிப் புரண்டால் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். இல்லாவிட்டால் பலகையையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ நடுவில் நுழைத்துவிடுங்கள். கத்திக்கொண்டு அடித்தால் சண்டை இன்னும் முற்றும்.

மறுநாளிலிருந்து ரெண்டையும் வீட்டில் சந்திக்கவிடவில்லை. ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனோம், அது ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடம். மணியை நான் பிடித்துக்கொள்ள, ப்ரூனோவைக் கொழுந்தனார் பிடித்துக்கொள்ள, இருபது முப்பது அடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம். நேருக்கு நேர் வரவிடவில்லை. ஒன்றை ஒன்று பார்த்தும் பார்க்காதது மாதிரி மண்ணை மோந்துகொண்டு நடந்தால் சரி. உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் எடுக்காமல் பார்த்தால் இடைவெளியைக் கூட்டினோம். ஐந்தாம் நாள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பின்பக்கம் மோந்து பார்க்க ஒன்றிரண்டு நொடி விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவோம். நடந்து களைத்த பிறகு வீட்டுக்குள் சேர்ந்து நுழைந்தபோது பழைய முறைப்பு இல்லை.

சோறு மட்டும் கடைசி நாள் வரை தனித்தனிதான். மணிக்குப் பின்கட்டில், ப்ரூனோவுக்கு முன்வாசலில், சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுவேன். எலும்பை முற்றத்தில் போடக் கூடாது என்று மாமியாரிடம் சொல்வதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. அவர் நாற்பது வருஷமாகப் போட்டவர். "அத்தை, ஒரு எலும்புக்காகப் பையன் நடுவுல மாட்டிக்குவான்" என்று சொன்னதும் அவரே நிறுத்திக்கொண்டார்.

பூனையை ஒரு வாரம் என் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ப்ரூனோவைத் துடைத்த துணியைப் பூனை படுக்கும் இடத்திலும், பூனையைத் துடைத்ததை ப்ரூனோ பக்கத்திலும் போட்டேன். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி காட்டினோம். பூனை ஏறிக்கொள்ள பரண் ஒன்று காலியாக இருக்க வேண்டும், அது போதும்.

மாசி கடைசியில் ஆரம்பித்தது உண்ணி. பையன், தான் படிக்கிற இடத்துச் சுவரில் சிவப்பாக ஏதோ ஊர்கிறது என்றான். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உடனே பேச்சு மாறிவிட்டது. ப்ரூனோதான் கொண்டுவந்தது, தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஓரகத்தி கண்ணெல்லாம் கலங்கி, "அக்கா, ஓசூர்ல இருந்தப்ப இதுக்கு ஒரு உண்ணிகூட கிடையாதுக்கா" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். மணி காதுக்குள் எப்போதும் நாலைந்து இருக்கும், நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. மாடுதான் காரணம் என்றும் ஒரு பேச்சு வந்தது. மாட்டில் பெருகுகிற உண்ணி வேறு இனம், நாயில் பெருகுகிற பழுப்பு உண்ணி வேறு. வீட்டுச் சுவரில் ஏறுவது இந்தப் பழுப்பு உண்ணிதான்.

இதன் போக்கைத் தெரிந்துகொண்டால் யார் மேலும் பழி போட மாட்டோம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஒளிந்து ஆயிரத்துக்கு மேல், சில சமயம் 4000 வரை முட்டை இடும். பொரிக்கும் குஞ்சுக்கு ஆறு கால். அது நாயில் ஏறிக் குடித்துவிட்டு இறங்கி, விரிசலில் தோல் உரித்து எட்டுக் காலோடு திரும்ப ஏறும். மறுபடி இறங்கி, தோல் உரித்துப் பெரிய உண்ணியாகி மூன்றாம் முறை ஏறும். ஆக, நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் சுவரில். பெரிய உண்ணி தீனியில்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். நாயைத் துரத்திவிட்டால் சுவரில் இருப்பவை பட்டினியோடு காத்திருக்கும், அல்லது மணி மேலும் நம் மேலும் ஏறும். மருந்து கொடுத்த நாய் வீட்டுக்குள்ளேயே இருந்தால், ஏறிக் கடிக்கிற உண்ணி ஓரிரு நாளில் சாகும். இதைக் கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் ப்ரூனோ தோட்டத்துக்குப் போகாமல் தப்பித்தான்.

மருந்தில் எங்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. மனையில் புழு நாலாம் தோல் உரிப்பில் இருந்த நேரம். உண்ணிக்கு அடிக்கிற பூச்சிமருந்து பெரும்பாலும் பட்டுப்புழுவையும் கொல்லும், மருந்து பட்ட கை இலையில் பட்டாலே ஆபத்து. அதனால் வீட்டில் ஸ்ப்ரே அடிப்பதில்லை என்று முடிவு செய்து, மருத்துவரிடம் கேட்டு, நாய் தின்னும் மாதாந்திர மாத்திரைக்குப் போனோம். மாத்திரை எடைக்குத் தகுந்தபடிதான். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, நம் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும். ப்ரூனோ 31 கிலோ, மணி 17. வலிப்பு வந்த நாய், சினையாக இருக்கிற நாய், சின்னக் குட்டி என்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே தேதியில் எல்லா நாய்க்கும் கொடுக்க வேண்டும், இது முக்கியம். ஒன்றுக்கு விட்டால் அது உண்ணிக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கும். மாத்திரை விலை ஒன்றும் கம்மி இல்லை. அவரவர் நாய்க்கு அவரவர் காசு, தேதியும் கணக்கும் என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். தினசரி காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். "உங்க நாய்" என்ற சொல் அதோடு நின்றது.

இதற்கு முன்னால் ஒரு ஆபத்தையும் பார்த்துவிட்டோம், மறைக்காமல் சொல்கிறேன். மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தை என் வீட்டுக்காரர் குத்துமதிப்பாகக் கலந்து மணியைக் குளிப்பாட்டினார். ஒரு மணி நேரத்தில் அவன் எச்சில் ஒழுக, எழுந்திருக்க முடியாமல் துவண்டுவிட்டான். மருத்துவர் பிழைக்கவைத்தார். மாட்டு மருந்தை நாய்க்குக் கண் அளவில் கலக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த நாய் மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். மருந்து ஈரத்தோடு இருக்கிற நாயை உரசிப் படுத்தாலே ஆபத்து. அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது.

கையால் எடுக்கும்போது இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். திருகுவது, நெருப்பு வைப்பது, விரலில் நசுக்குவது எல்லாம் கூடாது. சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடிவிடலாம். காதுக்குள், கழுத்துப்பட்டைக்குக் கீழே, விரல் இடுக்கு, அக்குள், வாலடி இங்கெல்லாம் தினமும் சாயங்காலம் பார்த்தோம். பையன்தான் எண்ணிக்கை எழுதுவான். முதல் வாரத்தில் ஒருநாள் ரெண்டு நாய்க்கும் சேர்த்து 63.

சுவருக்கு வேறு வேலை. விரிசலையெல்லாம் சிமெண்டால் பூசி, திண்ணை அடி வரை சுண்ணாம்பு அடித்தோம். நாய் படுக்கும் பழைய சாக்குகளை எரித்துவிட்டு, துவைக்கிற விரிப்பு மட்டும் போட்டோம். வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்து பங்குனி வெயிலில் பாறைமேல் காயும். புழு மனைக்கு வைத்திருந்த, நெருப்பைப் பீய்ச்சி அடிக்கிற தீப்பீச்சியால் மாட்டுக் கொட்டகைக் கருங்கல் இடுக்குகளைச் சுட்டோம். மாட்டை வெளியே கட்டி, வைக்கோலை அப்புறப்படுத்தி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம்.

சித்திரையில் மணி களியைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்து, 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து கொடுத்தோம், வெறும் வயிற்றில் இல்லாமல் சோற்றோடு. பத்தாம் நாளே ஓடியாடினான், ஆனாலும் பாதியில் நிறுத்தவில்லை. ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் காப்பி நிறம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.

எண்ணிக்கை உடனே குறையவில்லை. முதல் மாத்திரைக்குப் பிறகும் சுவரில் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ரெண்டாம் மாதம் ஒற்றை இலக்கம். ஆனி நடுவில் பையன் தொடர்ந்து பத்து நாள் பூஜ்யம் எழுதினான். அப்போதும் மாத்திரையை நிறுத்தவில்லை.

ஆவணியில் கிளம்பும்போது ப்ரூனோவின் மரக்கூண்டை இங்கேயே எரித்தோம். விரிப்பைக் கொதிநீரில் போட்டு எடுத்தோம். சோபா தையல் இடுக்கை டார்ச் அடித்து ஓரகத்தியும் நானும் பார்த்தோம், ரெண்டு உப்பிய உண்ணி இருந்தது. புது வீட்டில் இன்னும் மூன்று மாதம் அதே தேதியில் மாத்திரை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே மணிக்கும் அதே தேதிதான்.