சாயக்கழிவுநீருக்கு ஒளி-ஃபென்டன்: ஒரு லிட்டரில் சோதித்துப் பார்க்கும் முறை

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு போகிறது. நன்றாகக் கரையும் சாயம் என்பதால் படிகாரம் போட்டால் எளிதில் படியாது. பாக்டீரியாவும் லேசில் தின்னாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், ஆர்.ஓ.வும் (சவ்வு வழி வடிகட்டல்) ஆவியாக்கியும் இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்றாகிவிட்டது. ஆனால் சவ்வை அடைப்பதும், மீட்ட உப்புக் கரைசலில் தங்குவதும் இந்தச் சாயமும் துணைப்பொருள்களும்தான். அவற்றை உடைக்க ஒளி-ஃபென்டன் நல்ல வழி.

ஃபெர்ரஸ் இரும்பும் (Fe²⁺) ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் தாக்கும் துகள் பிறந்து சாயத்தை உடைக்கும். அதில் இரும்பு ஃபெர்ரிக் (Fe³⁺) ஆகி வேகம் குறையும். வெயில் அதைத் திரும்ப ஃபெர்ரஸ் ஆக்கும்போது இன்னொரு ரேடிக்கலும் கிடைக்கிறது. அதனால் குறைந்த இரும்பு போதும், சேறும் குறையும்.

சல்ஃபர் சாயத் தண்ணீரில் அமிலம் ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வந்து ஆளைக் கொல்லும். ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கலந்த தண்ணீரென்றால் குளோரின் வரும். மாதிரி எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று தெரியாமல் தொடங்க வேண்டாம்.

சிஓடி (தண்ணீரிலுள்ள கரிமத்தை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) லிட்டருக்கு 800 மி.கி. உள்ள, வடிகட்டிய ஒரு லிட்டர் அலசல் நீரை எடுத்துக்கொள்வோம். பெரிய பாத்திரத்தில் ஊற்றி, 10 சதவீத கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 2.8க்குக் கொண்டுவாருங்கள். சாயமேற்றும்போது போட்ட சோடா இருப்பதால் பொங்கும். பொங்கி அடங்கியபின் பிஎச்சை மறுபடி பாருங்கள், ஏறியிருக்கும். 3.5ஐத் தாண்டினால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம். குளோரைடு ரேடிக்கலை விழுங்கும்.

20 × 10 செ.மீ. கண்ணாடித் தட்டில் ஊற்றினால் ஆழம் 5 செ.மீ. வரும். அதை வெயிலில் வையுங்கள். அடர் நிறத் தண்ணீரில் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஆழம் கூட்டினால் அடியில் இருப்பது இருட்டில்தான் கிடக்கும், கலக்கிக்கொண்டே இருங்கள். இதே கலவையில் இன்னொரு தட்டைக் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள். வெயில் எவ்வளவு உதவியது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பச்சை நிற ஃபெர்ரஸ் சல்ஃபேட் 0.2 கிராம் கரையுங்கள்; இரும்பாக 40 மி.கி. வரும். பழுப்பேறிய உப்பென்றால் தொடக்கம் மந்தமாக இருக்கும்.

ஒரு கிராம் சிஓடிக்குக் கணக்குப்படி 2.1 கிராம் பெராக்சைடு. இங்கே 1.7 கிராம், அதாவது ப்ளீச்சிங்குக்கு வாங்கும் 50 சதவீதப் பெராக்சைடில் சுமார் 2.8 மில்லி. மொத்தமாக ஊற்றாமல் 0.7 மில்லி வீதம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விடுங்கள். மிஞ்சிய பெராக்சைடு ரேடிக்கலைத் தானே தின்றுவிடும். அடர் பெராக்சைடையும் இரும்புக் கரைசலையும் ஒரே குழாயிலோ மூடிய கலத்திலோ சந்திக்க விடாதீர்கள். வாயு அழுத்தத்தில் வெடிக்கும்.

சில நிமிடங்களில் நிறம் போய்விடும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள், அது தவறு. நிறம் தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) அறுந்ததைத்தான் அது காட்டுகிறது. சாய மூலக்கூறின் கரிம வளையங்கள் இன்னும் கிடக்கும். 15, 30, 60 நிமிடங்களில் பெராக்சைடு சோதனைப் பட்டையைத் தோய்த்துப் பாருங்கள். பெராக்சைடு தீர்ந்தும் சிஓடி இறங்கவில்லை என்றால் அளவு போதவில்லை. பெராக்சைடு அப்படியே இருந்தால் பிஎச், இரும்பு, ஒளி மூன்றில் ஒன்று குறை.

சிஓடி சோதனைக்குமுன் எஞ்சிய பெராக்சைடைப் போக்க வேண்டும், ஒரு மி.கி. பெராக்சைடு சுமார் 0.47 மி.கி. சிஓடியாகப் பொய் காட்டும். மாதிரியை பிஎச் 7க்கு ஏற்றி, ப்ளீச்சிங்குக்குப் பின் போடும் பெராக்சைடு கில்லர் நொதியைக் கொஞ்சம் சேருங்கள். நொதிக்கும் சிஓடி உண்டு. தனியாக அளந்து கழியுங்கள். சிஓடியைப் பூஜ்யமாக்க முயலாதீர்கள், பெராக்சைடு செலவு தாங்காது. பிஓடிக்கும் (நுண்ணுயிர்கள் கரிமத்தைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) சிஓடிக்கும் உள்ள விகிதம் 0.4ஐத் தொட்டால் மீதியை உயிரியல் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

முடிவில் காஸ்டிக் விட்டு பிஎச் 8க்கு ஏற்றினால் இரும்பு படியும். பெராக்சைடு மீந்திருந்தால் ஆக்சிஜன் குமிழிகள் சேற்றை மேலே தூக்கும். அப்போது படியவைக்க முயல்வது வீண்.

இதே அளவில் ஒரு கிலோலிட்டருக்கு ஃபெர்ரஸ் சல்ஃபேட் 200 கிராம், 50 சதவீதப் பெராக்சைடு 2.8 லிட்டர். அமிலமும் காஸ்டிக்கும் தனி, அவை டிடிஎஸ்ஸையும் (கரைந்த உப்புகளின் அளவு) ஏற்றும். சாதா உப்பு அதிகமுள்ள சாயக்குளியல் நீரைத் தனியாகச் சோதியுங்கள்: குளோரைடால் வேகம் குறைவதோடு குளோரின் ஏறிய கரிமங்களும் உருவாகலாம். கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) போட்ட தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு.