உயிரெழுத்து வேறு, உயிரொலி வேறு

"ஆங்கிலத்தில் உயிர் ஐந்துதானே?" என்று கேட்பவர் எழுத்தை எண்ணுகிறார், ஒலியை எண்ணவில்லை. எழுத்து ஐந்துதான். தென் இங்கிலாந்தின் பாடநூல் உச்சரிப்பில் உயிரொலிகளோ ஏறத்தாழ 20. 'யூனிவர்சிட்டி'க்கு முன் 'ஏ'க்குப் பதில் 'ஆன்' போடுவதும் இந்தக் குழப்பத்தால்தான். எழுத்து உயிராக இருந்தாலும் அங்கே காதில் விழும் முதல் ஒலி யகர மெய்.

குறில், நெடில் என்று பெயர் வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. நானும் 'ஷிப்', 'ஷீப்' இரண்டுக்கும் மாத்திரைதான் வேறுபாடு என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். 'ஷீப்' சொல்லிப் பாருங்கள்: முன்நாக்கு அண்ணத்தை நெருங்கும், உதடு விரியும். 'ஷிப்' சொல்லும்போது நாக்கு சற்றே இறங்கிப் பின்வாங்கும், உதடும் தளரும். இந்த இடமாற்றமே முதல் அடையாளம். நீளம் நம்பத்தகாத சாட்சி. ஏலத்தில் கேட்கும் 'பிட்' குரல்நாண் அதிரும் மெய்யில் (d) முடிவதால் அதன் உயிர் நீள்கிறது. அடிப்பதைக் குறிக்கும் 'பீட்' அதிராத மெய்யில் (t) முடிவதால் அதன் உயிர் குறுகுகிறது. அளந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கும். அகரம் அங்காந்து பிறக்கும், உகரம் இதழ் குவிந்து பிறக்கும் என்று நம் இலக்கணமே சொல்லியிருக்கிறது. நாம்தான் மாத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

'கேக்' சொல்லில் இருப்பது 'நெடில் ஏ' என்பார்கள். அது எழுத்தின் பெயர். ஒலியோ ஏகாரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி நழுவும் ஈருயிர். கண்ணாடி முன் நின்று, சட்டைமேல் அணியும் 'கோட்' என்பதை ஆங்கிலேயர் போலச் சொன்னால், உயிர் முடிவதற்குள் உதடு மேலும் குவிவது தெரியும். தமிழ் ஓகாரத்தில் அது நிகழாது.

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரான 'ஷ்வா'வுக்குத் தனி எழுத்தே கிடையாது. 'அபவுட்' சொல்லின் முதலில் ஏ, 'டேக்கன்' சொல்லின் கடைசி அசையில் ஈ, 'லெமன்' சொல்லில் ஓ, 'சர்க்கஸ்' சொல்லில் யூ என எந்த ஆங்கில உயிரெழுத்துக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். அதை 'அரை அகரம்' என்று விளக்குவது பாதி வழிதான் கொண்டுசேர்க்கும். நாக்கு வாயின் நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்ந்திருக்கும். அசைக்கு அழுத்தம் இருக்காது. அழுத்தம் கொடுத்துச் சொல்லிக் காட்ட முயன்றால் வேறோர் உயிர் வந்துவிடும்.

எந்த நாட்டு உச்சரிப்பு என்று சொல்லாமல் விவரிப்பதும் தவறு. சூட்டைக் குறிக்கும் 'ஹாட்' சொல்லில் பிரிட்டிஷார் உதட்டைக் குவிக்கிறார்கள். அமெரிக்கர் பெரும்பாலும் குவிப்பதில்லை.