பிரஷர், சுகர் ஓபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் செவிலியர்களும் டாக்டர்களும், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கை கழுவுவது, ஊசியை உரிய டப்பாவில் போடுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காலையில் கதவு திறப்பதற்குள் வரிசை வாசல்வரை வந்திருக்கும். வயதான அம்மா ஒருவர் வந்து உட்காருகிறார். பிரஷர் 170/100. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அதட்டலாக அந்தக் கேள்வி போகிறது. "சாப்பிடுறேன் சிஸ்டர்" என்பார். வேறென்ன சொல்வார்? இல்லையென்றால் அத்தனை பேர் முன்னால் திட்டு விழும்.

அந்தப் பதிலை நம்பி பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. பத்தாகிறது. அடுத்த மாதம் எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையும் சேர்கிறது. ஐந்தையே விழுங்காதவருக்குப் பத்து! வீட்டில் அட்டை அட்டையாக மாத்திரை சேரும். அப்புறம் ஒருநாள் மகள் ஊரிலிருந்து வந்து பார்த்துப் பதறி, சீட்டில் இருக்கிறபடி எல்லாவற்றையும் வேளை தவறாமல் கொடுக்க ஆரம்பிப்பாள். பிரஷர் சட்டென்று இறங்கி, எழுந்து நின்றாலே தலை சுற்றும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடையும் இப்படியே கூட்டியிருந்தால் இன்னும் ஆபத்து. சோறு சரியாக இறங்காத நாளில் சர்க்கரை குறைந்து மயக்கமே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிறகு நடக்கவே இல்லை. அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மருந்து கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் விசாரித்ததற்கு ஒரு வரிகூட இல்லை.

விசாரித்தால் காரணம் பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியிருக்கும். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்து ராத்தூக்கம் கெட்டிருக்கும். நீர் பிரியவைக்கும் மாத்திரையை நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் தொடவே மாட்டார்கள், அங்கே ஒதுங்க மறைவிடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. இருமலென்றால் டாக்டர் லோசார்டனுக்கு மாற்றுவார். வீக்கத்துக்கு அளவைக் குறைத்துப் பார்ப்பார். வேலைக்குப் போகிறவருக்கு வேறு மாத்திரை எழுதுவார். அவர்கள் வாய் திறந்து சொன்னால்தானே இதெல்லாம் நடக்கும்?

"எல்லாருக்கும் நடுவுல விட்டுப்போகும்மா. போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். மிச்சமுள்ள அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றைக் கையில் வாங்கும்போது உங்கள் முகம் மாறக் கூடாது. இரண்டு மாதம் காணாமல்போய்த் திரும்பி வருபவரைத் திட்டவே திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் மறுபடி வரமாட்டார். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தபின், யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். நம் மேசையில் வராத உண்மை அவர்களிடம் திண்ணையில் வந்துவிடும். டோஸைக் கூட்டும் முன் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

வந்ததும் வராததுமாக பிரஷர் பார்ப்பது

5 நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேச்சு கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் அதிகமாகக் காட்டும்.

பார்க்காமலே 120/80 எழுதுவது

எழுதாதீர்கள்.

நைட் டூட்டி முடித்தவரை ஓபியில் உட்காரவைப்பது

மேலே சொன்ன அதட்டல் பாதி இங்கிருந்துதான் வருகிறது. விடியவிடியப் பிரசவம் பார்த்த செவிலியரிடம், பகல் ஆள் லீவு, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க சிஸ்டர் என்பார்கள். கண் எரிய உட்கார்ந்திருப்பவரிடம் இதமான பேச்சை எதிர்பார்ப்பது அநியாயம். பேச்சு மட்டுமா, மாத்திரை எண்ணிக் கொடுப்பதிலும் கை தவறும். டூட்டி லிஸ்ட் போடும் டாக்டர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், ஆள் இல்லாத நாளில் கம்ப்யூட்டர் என்ட்ரியை மதியத்துக்குத் தள்ளுங்கள். அந்த வேலையில் இருப்பவரை ஓபிக்குக் கூப்பிடுங்கள். இரவு முழித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது

வேண்டாம். முறைவைத்து ஒவ்வொருவராகப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கூட்டம் நடத்துவது

எத்தனை பேரைப் பார்த்தார் என்ற எண்ணிக்கை குறைந்ததற்காக ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்கவைக்கப்பட்ட கிராம சுகாதாரச் செவிலியர், மறுநாள் அதே கோபத்தை வீடுவீடாக இறக்கிவிட்டு வருவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரஷர் கட்டுக்குள் வராதவர்களின் பட்டியலைக் கூட்டத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாத்திரை ஏன் விட்டுப்போனது என்று எழுதியிருக்க வேண்டும். வீக்கமா, இருமலா, பஸ் கிடைக்கவில்லையா, கூலி போய்விடும் என்று வரவில்லையா? அதைப் படித்து, யாருக்கு எந்த மருந்தை மாற்றுவது, யாருக்கு வீட்டுக்கே அனுப்புவது என்று அங்கேயே முடிவுசெய்யுங்கள்.