காங்கேசன்துறைக் கடலுக்கு ரயிலில் போவோருக்கு

கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலில் வடக்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாண நிலையத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் சொல்வது, அங்கே இறங்காதீர்கள் என்பதுதான். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று தோட்டங்களுக்கும் பனைகளுக்கும் ஊடாகச் செல்லும் பாதை காங்கேசன்துறையில் முடிகிறது. நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்கு முன்னர் பிள்ளைகள் காலை நனைத்துவிடலாம். ஊருக்குள் போனால் விருந்து, கோயில், துக்கம் விசாரிப்பு என்று நாட்கள் கரைந்துவிடும் என்பதால், கடலை முதலில் பார்த்துவிடுவதே நல்லது.

என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாதை வெறும் போக்குவரத்து அன்று. 1990இல் வடபகுதி ரயில் நின்றது. நான் ஊரை விட்டுப் புறப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டிருந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையிலும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையிலும் ரயில் திரும்பி வந்தது. அந்தச் செய்தியைக் கனடாவில் ஒரு குளிர்காலக் காலையில் வாசித்தபோது, பிள்ளைகளை இந்த வழியாகத்தான் கடலுக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இருக்கைப் பதிவு பயணத்துக்கு முப்பது நாட்களுக்கு முன்பிருந்து கிடைக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இடங்கள் விரைவாகத் தீர்ந்துவிடுவதால், நாட்களை எண்ணி வைத்திருந்து பதிவு செய்யுங்கள். இப்போது பதிவின்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்கப்படுகிறது. கொழும்பிலுள்ள மைத்துனர் தம்முடைய இலக்கத்தைக் கொடுத்து எல்லோருக்கும் எடுத்துத் தருவதாகச் சொன்னாலும், அன்பாக மறுத்து, பயணம் செய்பவரின் இலக்கத்தையே கொடுங்கள். எல்லா ரயிலும் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடுபவை ஒரு நாளைக்குச் சிலவே என்பதால், போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தைத்தான் முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் நான் சரியாகவே செய்திருந்தேன். ரயில் ஏறிய அன்று மாலை பெரியம்மா அழைத்து, காங்கேசன்துறைக்குப் போகாமல் தம் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் இறங்கும்படி சொன்னார். தாத்தாவின் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளோடு அதுவும் ஒருநாள் விடுபட்டது. அம்மா இப்போது இல்லாததால் அவருடைய பங்குக்கு நான் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளைக் கடலில் விளையாடவிட்டு மத்தியானம் வருகிறேன் என்றேன். “கடல் எங்கையும் ஓடிப்போகாது தம்பி, கந்தோர்தான் நாலு மணிக்குப் பூட்டிப்போடும்” என்றார்.

விடியும் முன்னரே மேடையில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரம். அதன் மேல் இறப்பர் பட்டி. எத்தனையோ இடப்பெயர்வுகளில் அந்தப் பை அவருடைய தலைமாட்டில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அலுவலகத்தில் முதல் நாள் என் பெயரே தடையாயிற்று. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு விதமாக இருந்தது. கனடாக் கடவுச்சீட்டிலோ அதே பெயர் குடும்பப் பெயராகி, வேறோர் எழுத்துக்கூட்டலில் நின்றது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம், வேண்டும் என்றார்கள். சமாதான நீதவானைத் தேடிப் பிடித்து அதை முடித்துவரும்போது மூன்றரை மணி. மறுநாள் போனால், உரிய உத்தியோகத்தர் களப்பணிக்குப் போயிருந்தார். வருவார் என்றார்கள், வரவில்லை. மூன்றாம் நாள், கிராம அலுவலரின் கடிதம் ஒன்று குறைகிறது என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், பெரியம்மா என் முழங்கையை மெல்லப் பிடித்தார். அவர் இதே வாங்கில் என்னைவிட எத்தனையோ மடங்கு காத்திருந்தவர்.

மூன்று நாளும் பிள்ளைகள் நீச்சலுடையை உள்ளே அணிந்துகொண்டுதான் வந்தார்கள், வேலை முடிந்தால் உடனே கடலுக்குப் போகலாம் என்று நான் சொல்லியிருந்தேன். சின்னவள் தன் சிவப்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை வாங்கில் இருந்தாள். இரண்டாம் நாள் வாளிக்குள் கச்சான் கோது, மூன்றாம் நாள் யாரோ எறிந்த விண்ணப்பப் படிவங்களின் துண்டுகள். கடல் மணல் அதற்குள் விழவில்லை. அந்த அலுவலகத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. முப்பது வருடமாக அந்தக் காணிக்காக ஒரு நாள்கூட நிற்காத நான் மூன்று நாளுக்குக் கோபப்படுகிறேனே என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது.

ஆகவே, உறவினரிடம் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே கேட்டுவிடுங்கள்: காணி, உறுதி, கையெழுத்து ஏதும் உண்டா என்று. உண்டென்றால் பெயர் வேறுபாட்டுக்கான சத்தியக்கடதாசி, திருமணச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளோடு வாருங்கள். நீங்களே நேரில் நிற்கத் தேவையில்லாத காரியமாயின், உங்கள் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தினூடாக அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுப்பதைப் பற்றி ஊரிலுள்ள சட்டத்தரணியிடம் விசாரியுங்கள். அந்த அலுவலகம் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று அறிந்து, அதை மட்டும் அதற்கு ஒதுக்குங்கள். கடலுக்கென்று குறித்த நாளில் வேறெதையும் கலக்க வேண்டாம்.

காங்கேசன்துறையில் துறைமுகப் பக்கமும் படையினரின் வளாகங்களும் படம் எடுக்கும் இடங்கள் அல்ல. கீரிமலைக்கு அங்கிருந்து ஓட்டோவில் போகலாம். கடலோரத்து நன்னீர்க் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடமுண்டு, ஆடி அமாவாசையன்று கூட்டம் நெருக்கும். காரைநகரிலுள்ள கசூரினா கடற்கரைக்கு ரயில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் போக நினைப்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாகோ வரை தெற்கே இறங்கிப் பாதை மாற வேண்டியிருப்பதால் அதற்குப் பேருந்தே மேல். கொழும்பிலிருந்து என்றால் நேரடி ரயில் உண்டு, உப்புவெளிக் கடற்கரை திருகோணமலை நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் நான் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். மட்டக்களப்பு ரயிலில் வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடித்தால், வெகுதூரம் வரை ஆழமில்லாத அமைதியான கடல். ஆனால் வடக்கும் கிழக்கும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக்கு உரியவை. மார்கழி விடுமுறையில் வருபவர்கள் வெள்ளவத்தையிலோ கல்கிசையிலோ ஏறித் தெற்கே காலி, மாத்தறைப் பக்கம் போவதே நல்லது, அந்தப் பாதை நெடுந்தூரம் கடலை ஒட்டியே ஓடுகிறது. ஹிக்கடுவைக்கு அருகே பெரேலியாவைக் கடக்கும்போது, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குக் கையெழுத்து முடிந்தது. ஓட்டோ பிடித்துக் காங்கேசன்துறைக்குப் போனபோது வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலைக் கரையைச் சற்று உயர்த்தி, கணுக்கால் நனையும் வரை போய் நின்றார். அம்மாவும் தானும் குமரிகளாக வந்து குளித்த இடத்தைக் காட்டினார். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். இடம்பெயர்ந்ததற்கு முந்திய வருடம் என்றார். அவருடைய வீட்டிலிருந்து ஓட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது. ரயில் ஓடத் தொடங்கியும் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏன் வரவில்லை என்றேன்.

“தனிய வந்து என்னத்தைப் பாக்கிறது?” என்றார்.

மறுநாட் காலை எங்களுக்குக் கொழும்பு ரயில். சின்னவள் வாளியை அவரிடமே விட்டுவிட்டு வந்தாள். வருகிற ஆடியில் மறுபடி போகிறோம். இம்முறை கொழும்பு திரும்பும்போது எங்களோடு வந்து சில நாட்கள் வெள்ளவத்தையில் தங்கச் சம்மதித்திருக்கிறார். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை இப்போதே வாங்கி எழுதி வைத்திருக்கிறேன்.