காந்திதானே என்று சுவர் கட்டாமல் விடாதீர்கள்

வரலாற்றுத் தலைவர்களோடு போட்டி போட்டு நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷனில் டர்பன்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை. 1904-ல் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. விமான நிலையத்துக்கு ஜூலு மன்னர் ஷாகாவின் பெயர். இருவரும் திரையில் வந்து நின்றால் தெரிந்தவர்கள் மாதிரியே பழகிவிடுகிறோம்.

சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அத்தை மகன் அப்படித்தான் மாட்டினான். "பக்கத்துல காந்திதானே இருக்காரு, சுவர் எதுக்கு?" என்றான். ஷாகா பக்கம் மட்டும் படையைக் குவித்தான். அடி விழுந்தது காந்தி பக்கமிருந்து.

ஐந்தாம் பாகத்தில் தலைவர்களின் ஒவ்வொரு குணத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் உண்டு. அணுகுண்டு போடும் ஆசையில் காந்திக்கு மட்டும் 12! ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் இந்த எண்கள் இரண்டு வரை ஏறலாம், இறங்கலாம். இவருக்கு இறங்கினாலும் 10. (முதல் பாகத்திலேயே கணக்குப் பிழையால் காந்திக்கு வெறி பிடித்தது என்ற கதையை, விளையாட்டை உருவாக்கிய சிட் மெயரே 2020-ல் மறுத்துவிட்டார். ஐந்தில் இருப்பது வேண்டுமென்றே வைத்த குறும்பு.) போன ஆட்டத்தில் சாதுவாக இருந்த தலைவர் இந்த ஆட்டத்தில் பாய்வதற்கும் இந்த ஏற்ற இறக்கம் ஒரு காரணம். பெயரையும் பழைய ஆட்டத்தையும் வைத்து ஆளை எடை போடாதீர்கள்.

சிரிப்பையும் நம்ப வேண்டாம். அதே ஐந்தாம் பாகத்தில் உள்ளே வஞ்சகத்தை வைத்துக்கொண்டு வெளியே நட்பாகப் பேசுவதற்கென்றே ஒரு மனநிலை இருக்கிறது. முகத்தை விட்டுவிட்டு எல்லையைப் பாருங்கள். படை ஏன் அங்கே வந்து நிற்கிறது? பணத்தையெல்லாம் உலக அதிசயக் கட்டடங்களில் கொட்டிவிட்டு இரண்டே வில்லாளிகளை வைத்திருந்தால், கணினி உங்கள் படைபலத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. அதைத் துரோகம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

வியாபாரத்தில் ஒன்றுதான் சொல்வேன்: சந்தேகப்படும் ஆளுக்கு மொத்தப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள், டர்னுக்கு (ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு) இவ்வளவு என்று கொடுங்கள். போர் வந்தால் ஒப்பந்தம் முறியும், கொடுத்த பணம் திரும்பாது.

ஆறாம் பாகத்தில் உங்களை ஒருவர் வெளிப்படையாகக் கண்டித்தால் 'திட்டிட்டுப் போறார்' என்று விடாதீர்கள். கண்டித்து ஐந்து டர்ன் கழிந்தால் முறைப்படி போர் தொடுக்க அவருக்கு வழி திறந்துவிடும். அந்த ஐந்து டர்ன் சுவர் கட்டுவதற்கு.

நட்பு ஒப்பந்தமும் அதில் 30 டர்ன்தான். அதுவரை அவர் உங்கள்மீது போர் அறிவிக்கவே முடியாது; முடிந்ததும் நீங்கள்தான் நினைவாகப் புதுப்பிக்க வேண்டும். இன்னோர் ஆட்டத்தில் அத்தை மகன் ஒரு கையில் பன்னி சோ (ரொட்டிக்குள் குழம்பு), இன்னொரு கையால் அடுத்த டர்ன், அடுத்த டர்ன் என்று அழுத்திக்கொண்டே போனான். முப்பது எப்போது தாண்டியது என்று அவனுக்குத் தெரியாது. ஷாகாவுக்குத் தெரிந்திருந்தது.